பதினொரு பேருக்கு ஒரு நூல்: எங்கள் வாசிப்பு வட்டம் எந்த வழியைத் தேர்வது?

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ஒரு வீட்டு விறாந்தையில், பூரணை விடுமுறை நாட்களில் பின்னேரம் நான்கு மணிக்குக் கூடுகின்ற எங்கள் வாசிப்பு வட்டத்தில் இப்போது பதினொரு பேர் இருக்கிறோம். இளைப்பாறிய ஆசிரியைகள் இருவர், வங்கி உத்தியோகத்தர் ஒருவர், தாதி ஒருவர், பல்கலைக்கழக மாணவர்கள் மூவர், தையற்கடை நடத்துபவர் ஒருவர், கமக்காரர் ஒருவர், தபாற்கந்தோரில் வேலை செய்பவர் ஒருவர், இவர்களுடன் நான். அடுத்த ஆண்டில் நூல்களை எந்த முறையில் வாசிப்பது என்ற கேள்வி அண்மைக் கூட்டமொன்றின் முடிவில் எழுந்தபோது நான்கு வழிகள் முன்வைக்கப்பட்டன. அவற்றை ஒப்பிட்டு எழுதி வரும்படி என்னிடம் ஒப்படைத்தார்கள். அந்த எழுத்தையே, எங்களைப் போன்ற சிறு வட்டங்களை நடத்துபவர்களுக்கும் பயன்படக்கூடும் என்று கருதி, சிறிது விரித்து இங்கே தருகிறேன்.

இந்தக் கேள்வி எழக் காரணம் எங்கள் குறிப்புக் கொப்பி. யார் வந்தார், எந்த நூல் எடுக்கப்பட்டது, எத்தனை பேர் அதை முழுமையாக வாசித்திருந்தனர் என்பவற்றை அதில் ஒவ்வொரு மாதமும் எழுதி வைக்கிறோம். கடந்த பன்னிரண்டு கூட்டங்களில் மூன்றில் மட்டுமே பாதிக்கு மேற்பட்டோர் நூலை முடித்திருந்தார்கள். மற்ற ஒன்பதிலும் பேச்சு நின்றுபோகவில்லை. அந்த நூலுக்குக் கிடைத்த பரிசு, எழுத்தாளரின் நேர்காணல், முகநூலில் அதைப் பற்றி நடந்த சண்டை என்று இரண்டு மணித்தியாலம் தாராளமாகவே ஓடியது. வீட்டுக்காரர் தந்த தேத்தண்ணியைக் குடித்து எழும்பும்போதுதான், நூலில் இருந்து ஒரு வரியைக்கூட யாரும் வாசித்துக் காட்டவில்லை என்பது நினைவுக்கு வரும். ஆகவே செலவு, வசதி, கண்பார்வை என்பவற்றை எல்லாம் கணக்கில் எடுத்தாலும், நான்கு வழிகளையும் நான் அளந்த முதன்மையான கோல் ஒன்றுதான்: பேச்சு தொடங்கும் நேரத்தில் ஒரே பக்கம் எல்லோருக்கும் முன்னால் இருக்குமா?

முதல் வழி நாங்கள் இதுவரை பின்பற்றி வந்தது. இலக்கியச் செய்திகளில் அடிபடும் புதிய நூலைத் தெரிந்து, எல்லோரும் ஆளுக்கொரு பிரதி வாங்கி, ஒரு மாதத்துக்குள் வாசித்து வருவது. இதற்குரிய கவர்ச்சியை மறுக்க முடியாது. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வி. வி. கணேசானந்தனின் ஆங்கில நாவலுக்குப் பிரித்தானியாவின் பெண்களுக்கான புனைகதைப் பரிசு கிடைத்தபோது, அதன் கதை பெரும்பாலும் எண்பதுகளின் யாழ்ப்பாணத்தில் நிகழ்வது என்ற செய்தி எங்கள் வட்டத்தில் உண்டாக்கிய பரபரப்பை நான் நேரில் கண்டேன். அடுத்த ஆண்டு மே மாதத்தில், பானு முஷ்தாக்கின் கன்னடச் சிறுகதைகள் தீபா பாஸ்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாகச் சர்வதேச புக்கர் பரிசைப் பெற்றபோது, அயல்மொழி ஒன்றின் சிறுகதைகளே அந்த இடத்துக்குப் போக முடியுமென்றால் எங்கள் சிறுகதைகள் ஏன் போகவில்லை என்று ஒரு பின்னேரம் முழுவதும் வாதிட்டோம். நல்ல வாதம்தான். ஆனால் அந்த இரண்டு நூல்களில் எதையும் பதினொரு பேரும் வாசிக்கவில்லை. ஆங்கில நாவலொன்றைச் சிரமமின்றி வாசிக்கக்கூடியவர்கள் எங்களில் நால்வர் மட்டுமே.

தமிழில் வரும் புதிய நூல்களுக்கு மொழித்தடை இல்லை, விலைத்தடை உண்டு. நாங்கள் வாங்கும் புதிய தமிழ் நூல்களில் பெரும்பாலானவை தமிழகத்தில் அச்சாகிக் கடல் கடந்து வருபவை. 2021இன் இறுதியில் ஒரு இந்திய ரூபாய்க்கு ஏறத்தாழ 2 ரூபா 70 சதம் கொடுத்த நாங்கள், 2022இன் நடுப்பகுதியில் நாலரை ரூபாவுக்கு மேல் கொடுக்க நேர்ந்தது. இப்போது அது ஏறத்தாழ மூன்றரை ரூபாவில் நிற்கிறது. அட்டையில் 400 என்று அச்சிட்ட ஒரு நாவல் நாணயமாற்றுக் கணக்கில் மட்டும் முதலில் 1,080 ரூபாவாகவும், பிறகு 1,800 ரூபாவைக் கடந்தும், இப்போது 1,400 ரூபாவாகவும் ஆகிறது. இதற்குமேல் கப்பற்செலவும் கடைக்காரரின் பங்கும் சேரும். மாதம் ஒன்று என்றால் ஆண்டுக்கு ஒருவருக்கு 16,800 ரூபாவுக்குக் குறையாது. வங்கி உத்தியோகத்தருக்கு இது தாங்கும். விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவிக்குத் தாங்காது. அவர் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார். அந்த மாதம் கூட்டத்துக்கு வராமல் இருந்துவிடுவார். கொப்பியில் விழுந்த வெற்றிடங்கள் சிலவற்றுக்குக் காரணம் இதுதான் என்பதைப் பிந்தித்தான் விளங்கிக்கொண்டேன்.

விலையைச் சமாளித்தாலும் பிரதிகள் ஒன்றாக வந்து சேர்வதில்லை. பலாலியில் இருந்து சென்னைக்கு விமானமும், காங்கேசன்துறையில் இருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலும் ஓடத் தொடங்கிய பிறகு, போய்வருபவர்களின் பயணப்பொதியில் இரண்டு மூன்று நூல்களை வைத்துக் கொண்டுவருவிக்க முடிகிறது. பதினொரு பிரதிகளை யாரிடம் கேட்பது? ஒரு முறை விற்பனையாளர் ஒருவர் மூலம் ஒன்பது பிரதிகளை மொத்தமாக வரவழைத்தோம். அவற்றுள் இரண்டில் 113ஆம் பக்கத்தில் இருந்து 128ஆம் பக்கம் வரை இருமுறை கட்டப்பட்டிருந்தது. 129 முதல் 144 வரையான பதினாறு பக்கங்களைக் காணவில்லை. நாவலின் தங்கை வீட்டை விட்டுப் போவது அந்தப் பதினாறு பக்கங்களுக்குள்தான். குறைப்பிரதி கிடைத்த தபாற்கந்தோர்க்காரர், எழுத்தாளர் வேண்டுமென்றே அந்தச் சம்பவத்தை மறைத்து வாசகரின் ஊகத்துக்கு விட்டிருக்கிறார் என்று நீண்ட நேரம் பாராட்டிப் பேசினார். அது அச்சகத்தின் கைங்கரியம் என்று தெரிந்தபோது அவரே எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். பிரதிகளை மாற்றித்தருமாறு கேட்டோம், பதில் வரவில்லை.

இங்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செலவைத் தவிர்க்க, புதிய நூல்களின் களவுப் பீடிஎஃப் கோப்புகளை வட்ஸ்அப்பில் சுற்றவிடும் பழக்கம் எல்லா வாசகர் குழுக்களிலும் இருக்கிறது, எங்களிடமும் இருந்தது. ஈழத்தில் ஒரு சிறுகதைத் தொகுதி முந்நூறு அல்லது ஐந்நூறு பிரதிகளே அச்சாகிறது. அவற்றில் கணிசமானவை வெளியீட்டு விழாவில், நயப்புரைக்கும் ஏற்புரைக்கும் இடையில், கடித உறைக்குள் பணம் வைத்துக் கொடுப்பவர்களின் கைக்குப் போய், பெரும்பாலும் பிரிக்கப்படாமலே அலுமாரியில் ஏறுகின்றன. எஞ்சிய பிரதிகளை விற்று அடுத்த நூலுக்குக் காசு தேட வேண்டிய எழுத்தாளரின் நூலைக் களவாக வாசித்துவிட்டு, ஈழத்து இலக்கியம் ஏன் வளரவில்லை என்று விறாந்தையில் இருந்து கவலைப்படுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆகையால் அதை ஐந்தாவது வழியாக எடுத்து ஒப்பிடவில்லை.

இரண்டாவது வழி இரவல். யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஆளுக்கு விருப்பமான நூலை எடுத்து வாசித்து, கூட்டத்தில் அதைப் பற்றி மற்றவர்களுக்குச் சொல்வது. இந்த வழியை முன்வைத்தவர் இளைப்பாறிய ஆசிரியைகளுள் மூத்தவர். அவர் சொன்னபோது யாரும் உடனே மறுக்கவில்லை. மறுப்பது இலகுவும் அல்ல. 1933இல் க. மு. செல்லப்பா தம் வீட்டில் தொடங்கிய ஒரு சிறு வாசிப்பு முயற்சி, நகரத்தின் நூலகமாக வளர்ந்து, 1959இல் புதிய கட்டடத்தில் குடியேறி, 1981 மே 31ஆம் திகதி இரவு மூட்டப்பட்ட தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிந்து, பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் எழுந்து நிற்கும் இடம் அது. எரிந்த நாட்களில் அவர் இளம் ஆசிரியை. அந்த நூலகத்தின் அங்கத்துவ அட்டையை இன்றும் கைப்பையில் வைத்திருக்கும் ஒருவர், "நாங்கள் போய் எடுக்காட்டி ஆர் எடுக்கிறது?" என்று கேட்கும்போது அதற்குப் பதில் சொல்வது கடினம்.

இருந்தாலும் வட்டத்துக்குரிய வழியாக இதைப் பரிந்துரைக்க என்னால் முடியவில்லை. நூலகத்தில் ஒரு நூலின் பிரதி ஒன்றோ இரண்டோ இருக்கும். பதினொரு பேரும் ஒரே நூலை ஒரே மாதத்தில் எடுப்பது நடவாது. ஆளுக்கொரு நூல் என்றால், கூட்டம் கதைச்சுருக்கம் சொல்லும் கூட்டமாகிவிடும். நாங்கள் இதைத் தொடக்கத்தில் இரண்டு மாதங்கள் செய்து பார்த்தோம். ஒருவர் சொல்லும்போது மற்றப் பத்துப் பேரும் மரியாதையுடன் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேள்வி கேட்க யாருக்கும் எதுவும் இருக்கவில்லை, ஏனென்றால் வாசித்தவர் அவர் ஒருவர்தான். அதே நேரத்தில், தனியாள் வாசிப்புக்கு இதைவிடச் சிறந்த வழி இந்த ஊரில் இல்லை. நூலகத்துக்குப் போகும் பழக்கம் ஒருவரிடம் இருக்கிறதா என்பது அவர் கூட்டத்தில் பேசும் விதத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஊர்ச் சனசமூக நிலையங்களில் காலையில் பத்திரிகைத் தாள்களைப் பிரித்து ஆளுக்கொரு பக்கமாக வாசித்த தலைமுறையின் பழக்கம் அதற்கும் அடியில் இருக்கிறது. கமக்காரர் அந்தத் தலைமுறை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் இலக்கியப் பக்கத்தை அவர் இன்றும் நிலையத்துக்குப் போயே வாசிக்கிறார், வீட்டில் வாசித்தால் வாதிக்க ஆள் இல்லை என்பதால்.

மூன்றாவது வழியை மாணவர்கள் கொண்டுவந்தார்கள். 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் திட்டத்தின் எண்ணிம நூலகத்தில், ஈழத்துப் பழைய நூல்களும் சஞ்சிகைகளும் பக்கம் பக்கமாக ஸ்கான் செய்யப்பட்டு இலவசமாகக் கிடைக்கின்றன. 1946இல் வெளிவரத் தொடங்கிய மறுமலர்ச்சி, 1966இல் டொமினிக் ஜீவா தொடங்கிய மல்லிகை, 1975இல் தொடங்கிய அலை என்று, நாங்கள் பெயரை மட்டும் கேட்டு வளர்ந்த சஞ்சிகைகளைக் கைத்தொலைபேசியில் திறக்க முடிகிறது. மதுரைத் திட்டம் 1998 முதல் செய்துவரும் மின்பதிப்பு வேலையையும் சேர்த்தால், ஒரு சதமும் செலவின்றி வாழ்நாள் முழுவதும் வாசிக்கலாம். பதினொரு பேருக்கும் ஒரே நேரத்தில், ஒரே பதிப்பு, ஒரே பக்க எண்களுடன் கிடைப்பது இந்த நான்கு வழிகளில் இதில் மட்டுமே. யாருடைய பிரதியிலும் பதினாறு பக்கம் குறையாது. குறைந்தால் எல்லோருக்கும் சேர்த்தே குறையும்.

ஸ்கான் செய்த பக்கத்துக்கென்று ஒரு தனிச்சுவையும் இருக்கிறது. நாங்கள் திறந்த ஒரு சஞ்சிகை இதழின் மேல்மூலையில் யாரோ ஊதா மையால் தம் பெயரையும் திகதியையும் எழுதியிருந்தார்கள். உள்ளே ஒரு வரிக்குக் கீழே பென்சிலால் கோடு. அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறியைப் பற்றியே கால் மணித்தியாலம் பேசினோம். கடைசிப் பக்கத்துச் சைவ உணவகத்தின் விளம்பரத்தில் தொலைபேசி எண் மூன்றே இலக்கம்.

ஆனால் இந்த வழிக்கும் இடர்ப்பாடுகள் உண்டு. அவை வயதுக்கேற்ப வேறுபடுகின்றன. ஸ்கான் செய்த பக்கம் ஒரு படம். எழுத்தைத் தனியாகப் பெரிதாக்க முடியாது, பக்கத்தை முழுவதுமாகப் பெரிதாக்கி இடமும் வலமும் இழுத்து இழுத்துத்தான் வாசிக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் இரண்டு முறை விரலால் தள்ளி எட்டுப் பக்கம் வாசித்த ஆசிரியை ஒருவர், கதையைவிடத் தம் பெருவிரலைத்தான் தமக்கு நன்றாக நினைவிருக்கிறது என்றார். இளையோருக்கு வேறொரு தடை. தமிழகத்தில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்த பிறகும் எங்கள் அச்சகங்கள் பழைய அச்செழுத்துகளையே பல காலம் பயன்படுத்தின. அவற்றில் ணை, லை, ளை, னை என்பவை யானைத் துதிக்கை போல மேலே வளைந்திருக்கும். அவற்றைக் கண்ட மாணவி தடுமாறி நின்றார்.

"ரீச்சர், இது என்ன எழுத்து?"

"லை, பிள்ளை. தும்பிக்கை மாதிரி மேல வளைஞ்சிருக்கும். ரெண்டு பக்கம் வாசிச்சியெண்டால் பழகீடும்."

இரண்டு பக்கத்தில் பழகியும் விட்டது. ஆயினும் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டது, இருவரும் ஒரே தாளின் முன்னால் அருகருகே இருந்ததால்தான். தம் அறையில் தனியே இருந்திருந்தால் தொலைபேசியை மூடி வைத்திருப்பேன் என்று பிறகு அவரே சொன்னார். மின்வாசிப்புக் கருவி இந்த இடர்ப்பாட்டைத் தீர்க்குமா என்றும் பார்த்தோம். கனடாவில் இருக்கும் மகன் அனுப்பிய கிண்டில் ஒன்று தாதியிடம் இருக்கிறது. கண்ணுக்கு இதமானது, இருநூறு கிராம் அளவு பாரம்தான், தமிழகத்து நூல்கள் பல அதில் கிடைக்கின்றன. ஆனால் ஸ்கான் செய்த சஞ்சிகைப் பக்கம் அந்தச் சிறு திரையில் எறும்பு ஊர்ந்தது போலத் தெரிகிறது. ஒருவரிடம் இருக்கும் கருவியை வைத்துப் பதினொரு பேருக்குத் திட்டம் போடவும் முடியாது.

நான்காவது வழி எங்கள் கமக்காரர் சொன்னது. முதலில் எல்லோரும் அதைப் பகிடி என்றே நினைத்தோம். வீட்டில் வாசித்துவிட்டு வந்து கூடிப் பேசுவதை விட்டு, கூடியிருந்தே வாசிப்போம் என்றார். ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர்கள் கேட்பது, பிறகு பேசுவது. "கோயில்லை புராணம் படிக்கிறது இப்பிடித்தானே?" என்பது அவருடைய நியாயம்.

அந்த நியாயத்தை எண்ணிப் பார்க்கப் பார்க்க அது எனக்கு வலுத்துக்கொண்டே போனது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை கந்தபுராண கலாசாரம் என்று பெயர் சொன்ன அந்த வாழ்க்கைமுறையின் நடுவில் இருந்தது புராண படனம். ஒருவர் செய்யுளை இசையோடு படிப்பார். மற்றொருவர் அதற்குப் பயன், அதாவது பொருள், சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் உட்பட எல்லோரும் கேட்பார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட கந்தபுராணத்தை ஆளுக்கொரு பிரதி வாங்கி வாசித்து வாருங்கள் என்று எந்தக் கோயிலும் ஊராரைக் கேட்கவில்லை. திருவெம்பாவை நாட்களில் திருவாதவூரடிகள் புராணமும், பெருங்கதை விரத நாட்களில் பிள்ளையார் கதையும் அப்படியே செவிவழியாகத்தான் போய்ச் சேர்ந்தன. ஆறுமுக நாவலர் 1849இல் சென்னையில் இருந்து அச்சியந்திரம் கொண்டுவந்து வண்ணார்பண்ணையில் நிறுவி நூல்களைப் பதிப்பிக்கத் தொடங்கிய பிறகும் படனம் நின்றுவிடவில்லை. ஏட்டில் பார்த்துப் படித்தவர்கள் அச்சுப்பிரதியில் பார்த்துப் படித்தார்கள், அவ்வளவுதான். தனித்திருந்து மௌனமாக வாசிப்பதே உண்மையான வாசிப்பு என்ற எண்ணம் எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் வந்ததாக இருக்க வேண்டும்.

கோயிலுக்கும் எங்கள் விறாந்தைக்கும் உள்ள வேறுபாட்டை மறைக்கக் கூடாது. புராணத்தின் கதை கேட்பவர்களுக்கு முன்பே தெரியும். பயன் சொல்பவருடன் யாரும் முரண்படுவதும் குறைவு. சிறுகதை அப்படியல்ல. அதனால் முடிவு எடுக்கும் முன்னர், சென்ற பூரணையன்று ஒரு முறை செய்து பார்த்தோம். ஈழத்துச் சிறுகதை முன்னோடிகள் என்று சொல்லப்படும் மூவருள் ஒருவரான இலங்கையர்கோனின் 'வெள்ளிப்பாதசரம்' என்ற கதையை எடுத்தோம். ஒரு கணவனும் மனைவியும் வல்லிபுரக் கோயிலுக்குப் போக, அங்கே மனைவியின் காலில் இருந்த பாதசரம் தொலைந்து, கணவன் கோபிக்கும் கதை. சஞ்சிகைப் பக்கத்தை ஏ4 தாளில் பெரிதாக்கிய பிரதி ஒன்று தையற்கடைக்காரரின் கையில் இருந்தது. கடையில் நாள் முழுவதும் வானொலி கேட்பவர் என்பதாலோ என்னவோ, அவருக்கு நிறுத்த வேண்டிய இடம் தெரியும். அரை மணித்தியாலத்துக்குள் கதை முடிந்துவிட்டது. பதினொரு பேரும் கதையை முழுமையாக அறிந்த நிலையில் எங்கள் வட்டத்தில் பேச்சுத் தொடங்கியது அன்றுதான் முதல் தடவை.

பேச்சின் தன்மையும் மாறியிருந்தது. இளம் வயதில் தகப்பனுடன் மாட்டுவண்டியில் வல்லிபுரத்துக்குப் போன கமக்காரர், அந்தக் கோயிலைச் சூழ்ந்த மணலில் விழுந்த பொருளைத் தேடுவது என்றால் என்ன என்பதை விரலால் தரையில் கீறிக் காட்டினார். மாணவர்களுள் ஒருவர், கணவனின் கோபத்தைக் கதாசிரியர் மிக எளிதாக மன்னித்துவிடுகிறார் என்றார். தாதி அதை மறுத்து, எந்த வரியில் மன்னிப்பு இருக்கிறது என்று காட்டும்படி கேட்டார். தாள் கைமாறியது. அந்த வரி இரண்டு முறை வாசிக்கப்பட்டது. மாணவர் தம் கருத்தை மாற்றவில்லை. ஆனால் அந்த வரியை வைத்தே வாதிட்டார். கொப்பியில் அன்றைய குறிப்பு இரண்டு பக்கம் வந்திருக்கிறது, வழக்கமாக அரைப் பக்கம்.

இந்த வழியின் குறைகளையும் அன்றே கண்டோம். எட்டுப் பத்துப் பக்கத்துக்கு மேற்பட்ட எதையும் ஒரே அமர்வில் இப்படி வாசிக்க முடியாது. நாவல் என்ற வடிவமே வெளியே நின்றுவிடும். பிந்தி வருபவர் கதையின் நடுவில் வந்து குந்தினால் அவருக்கு ஒன்றும் விளங்காது. அவரால் மற்றவர்களுக்கும் இடைஞ்சல். எல்லோருக்கும் வாசிக்கும் குரல் வாய்ப்பதில்லை. எனக்கு இல்லை; முயன்று பார்த்து நானே நிறுத்திக்கொண்டேன். வேகமாக வாசித்துப் பழகிய இருவர் தமக்கு இடையிடையே மனம் அலைந்தது என்று நேர்மையாகச் சொன்னார்கள். புலம்பெயர்ந்த நண்பர்களை இணையவழியில் சேர்த்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் வந்தது. எங்கள் பின்னேரம் நான்கு மணி மாரிகாலத்து ரொறொன்ரோவில் விடியற்காலை ஐந்தரை மணி என்பதால் அது அதிகம் பேசப்படாமலே கைவிடப்பட்டது.

உரிமை பற்றிய கேள்வி ஒன்றை வங்கி உத்தியோகத்தர் எழுப்பினார். எனக்கு அது எதிர்பாராத விதத்தில் உதவியது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டத்தின்படி, ஓர் எழுத்தாளரின் படைப்புக்கான உரிமை அவர் இறந்து எழுபது ஆண்டுகள் வரை நீடிக்கிறது. இணையத்தில் இலவசமாக வாசிக்கக் கிடைக்கும் ஒரு கதை அச்சிட்டுப் பரப்புவதற்கும் இலவசம் என்று ஆகிவிடாது. இலங்கையர்கோன் இறந்தது 1961இல். மூன்றாவது வழியைத் தனியே பின்பற்றினால், திரையில் வாசிக்க முடியாத மூத்தவர்களுக்காக மாதந்தோறும் ஐந்தாறு பிரதிகள் எடுக்கும் நிலை தவிர்க்க முடியாமல் வரும். கூடியிருந்து வாசித்தால், வாசிப்பவருடைய கையில் இருக்கும் ஒரு தாளே போதும். பின்தொடர விரும்புபவர்கள் தத்தம் தொலைபேசியில் அதே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். கண்ணுக்கு முடியாதவர்களுக்குக் காது இருக்கிறது.

ஆகவே என் பரிந்துரை ஒன்றையொன்று சமமாகப் பங்கிடும் பரிந்துரை அல்ல. பன்னிரண்டு கூட்டங்களில் பத்தை நான்காவது வழிக்குக் கொடுக்க வேண்டும். அதற்கான கதைகளையும் கட்டுரைகளையும் மூன்றாவது வழியில், எண்ணிம நூலகத்தின் பழைய ஈழத்துச் சஞ்சிகைகளில் இருந்து, மாதம் ஒருவர் என்ற முறையில் தெரிய வேண்டும். தெரிபவர் வாசிப்பவராக இருக்கத் தேவையில்லை. எஞ்சிய இரண்டு கூட்டங்களுக்கு முதல் வழி: ஆளுக்கொரு பிரதி வாங்கி வாசிக்கும் நீண்ட நூல், அதற்கு ஒரு மாதத்துக்குப் பதிலாக நான்கு மாத அவகாசம். 480 பக்க நாவலை ஒரு மாதத்தில் முடிக்க நாளுக்கு பதினாறு பக்கம் வேண்டும். நான்கு மாதம் என்றால் நாளுக்கு நான்கு பக்கம், அது தையற்கடையிலும் நடக்கும். ஆண்டுச் செலவு ஒருவருக்கு 16,800 ரூபாவில் இருந்து 2,800 ரூபாவுக்கு இறங்குகிறது. அந்த இரண்டு நூல்களில் ஒன்றாவது இங்கே அச்சான நூலாக, எழுத்தாளரிடமோ உள்ளூர்க் கடையிலோ காசு கொடுத்து வாங்கியதாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். கடல் கடந்து வருபவற்றைப் போல அது பிந்தாது. பக்கம் குறைந்தால் கொண்டுபோய்க் காட்டவும் ஆள் இருக்கிறார்.

இரவல் நூல்களைக் கூட்டத்தின் நிகழ்ச்சியில் சேர்க்க வேண்டாம் என்கிறேன். மூத்த ஆசிரியைக்கு இது வருத்தம் தரக்கூடும் என்பதால், கூட்டம் தொடங்குவதற்கு முந்திய கால் மணித்தியாலத்தில், அந்த மாதம் பொது நூலகத்தில் எடுத்த நூலை யாரும் கொண்டுவந்து மேசையில் வைக்கலாம் என்று ஓர் ஒழுங்கை எழுதியிருக்கிறேன். பிந்தி வருபவர்களுக்காகக் காத்திருக்கும் நேரத்துக்கும் அது பொருத்தமாக இருக்கும். பரிசுச் செய்திகளும் முகநூல் சண்டைகளும் தேத்தண்ணிக்குப் பிறகு. அவற்றை நிறுத்த முயன்றால் பாதிப்பேர் வரமாட்டார்கள், என்னையும் சேர்த்து.

இதை வாசித்துக் காட்டியபோது பெரும்பாலும் ஒப்புக்கொண்டார்கள். தை மாதப் பூரணைக்கான கதையைத் தெரியும் பொறுப்பைத் தும்பிக்கை எழுத்தில் தடுமாறிய மாணவியே கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு விடயம் மட்டும் தீரவில்லை. புராண படனத்தில் செய்வது போல ஒவ்வொரு பந்தியின் முடிவிலும் நிறுத்திப் பேச வேண்டும் என்பது கமக்காரரின் கட்சி. கதை முடியும் வரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்பது மாணவர்களின் கட்சி. தையற்கடைக்காரரிடம் கேட்டபோது, வாசிப்பது தான் என்றபடியால் எங்கே நிறுத்துவது என்பதைத் தன்னிடமே விடும்படி சொன்னார். அதற்கு இரண்டு கட்சிகளும் இன்னும் சம்மதிக்கவில்லை.